ஃபோர்ட் லெனர்ட் வுட்டுக்கு மாற்றலா? எந்த ஊரில் வீடு பார்ப்பது?

செயின்ட் லூயிஸிலிருந்து ஐ-44 நெடுஞ்சாலையில் தென்மேற்காக இரண்டு மணி நேரம் ஓட்டினால் எக்சிட் 161 வரும். இறங்கித் தெற்கே திரும்பினால் செயின்ட் ராபர்ட் ஊரின் கடைத்தெரு. அது முடிகிற இடத்தில் ஃபோர்ட் லெனர்ட் வுட் ராணுவ முகாமின் பிரதான கேட். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஓசார்க் மலைக்காட்டுக்குள் 1940-41இல் எழுப்பிய முகாம் இது. ராணுவப் பொறியாளர், ராணுவப் போலீஸ், ரசாயனப் படை மூன்றுக்கும் பயிற்சிப் பள்ளி இங்கேதான். ‘காட்டில் தொலைந்த கோட்டை’ என்று ‘வுட்’ என்ற பெயரை வைத்துப் படையினர் கேலி செய்வது பழைய வழக்கம். உண்மையில் சுற்றிலும் ஊர்கள் இருக்கின்றன. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு எதில் குடியேறுவது என்பதுதான் கேள்வி.

தூரத்தைக் கணக்கிட வரைபடம்கூட வேண்டாம். மிசூரியில் எக்சிட் எண் என்பது மைல் கல்லின் எண். செயின்ட் ராபர்ட் 161. பக்கத்திலேயே ஒட்டிக்கிடக்கும் வேன்ஸ்வில் 156, 159. கிழக்கே ரோலா 185, அதாவது 24 மைல். மேற்கே லெபனன் 129, அதாவது 32 மைல். டிக்சனுக்கு 163இல் இறங்கி வடக்கே போக வேண்டும். ரிச்லண்ட், குரோக்கர், லேக்வே எல்லாம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் சிற்றூர்கள். லேக்வே என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘லக்வே’ போல இருக்கும். அப்படிச் சொன்னால் ஊருக்குப் புதிது என்று தெரிந்துவிடும். முகாமுக்குத் தெற்கே பிளேட்டோ. 2010 கணக்கெடுப்பின்படி அமெரிக்க மக்கள்தொகையின் மையப் புள்ளி விழுந்தது இந்தக் குட்டி ஊருக்குப் பக்கத்தில்தான். வீடு பார்க்க அதனால் ஒரு பயனும் இல்லை, சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

படையினருக்கான வீட்டு வாடகைப் படி, அதாவது பி.ஏ.எச்., பணியிடத்தின் அஞ்சல் குறியீடு, பதவி, குடும்பம் உண்டா இல்லையா என்ற மூன்றை வைத்து முடிவாகிறது. நீங்கள் ரோலாவில் இருந்தாலும் டிக்சனில் இருந்தாலும் அதே தொகைதான். வாடகை குறைந்தால் மிச்சம் உங்களுக்கு. இதைப் பார்த்துத்தான் பலர் தூரத்து ஊரில், மலிவான வீட்டில் போய் விழுகிறார்கள். மிச்சமாகும் காசு பெட்ரோலிலும் வீட்டைச் சூடாக்கும் புரோபேன் வாயுவிலும் போய்விடுவது முதல் குளிர்காலத்தில்தான் தெரியவரும்.

முதலில் எத்தனை மாதம் தங்கப்போகிறீர்கள் என்பதை உறுதிசெய்யுங்கள். பயிற்சி வகுப்பு 20 வாரத்துக்குக் குறைந்தால் அது தற்காலிகப் பணி. குடும்பம் பழைய ஊரிலேயே இருக்கும். 20 வாரமோ அதற்கு மேலோ என்றால் முழு இடமாற்றம், சாமான்களை அரசே கொண்டுவரும். ஆறு மாத வகுப்புக்கு வருகிறவர் செயின்ட் ராபர்ட்டில் மாத வாடகைக்கு, தட்டுமுட்டுச் சாமானோடு கிடைக்கும் வீட்டைப் பிடித்தால் போதும். மேற்கொண்டு சொல்லப்போவது இரண்டு, மூன்று வருடம் இருப்பவர்களுக்கும், முகாமில் சிவில் வேலைக்கு வந்து நிலைத்துவிடுகிறவர்களுக்கும்.

முகாமுக்குள்ளே

உள்ளே இருக்கும் வீடுகளைத் தனியார் நிறுவனம் நடத்துகிறது. பொதுவாக பி.ஏ.எச். முழுவதும் வாடகையாகப் போய்விடும். பதிலுக்கு வேலைக்குப் போகும் தூரம் சில நிமிடம், காலை கேட் வரிசை கிடையாது, மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகலாம். ஒரே கார் உள்ள குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கைக்குழந்தையோடு, மனைவிக்கோ கணவருக்கோ ஓட்டுநர் உரிமம் இன்னும் வராத வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேளுங்கள்: அந்த வீட்டின் கடந்த ஏழு வருடப் பராமரிப்புப் பதிவு. தனியார் நடத்தும் ராணுவ வீடுகளில் குடியிருப்பவர்களுக்கான உரிமைப் பட்டியலில் இதுவும் அடக்கம். அதில் தண்ணீர்க் கசிவு, பூஞ்சை, ஏசி மூன்றையும் தேடிப் பாருங்கள். ஒரே குளியலறைக்கு இரண்டு மூன்று முறை ஆள் வந்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். வேறு வீடு கேளுங்கள்.

குறை? காத்திருப்பு. கோடையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மாற்றல் வருவதால் ஜூன், ஜூலையில் பட்டியல் நீளும். இன்னொன்று சத்தம். வெடிவைப்பைப் பாடமாகக் கற்பிக்கும் இடம் இது. மேகம் தாழ்ந்த நாளில் ஜன்னல் கண்ணாடி அதிரும். இந்தச் சத்தம் வேலிக்கு வெளியேயும் கேட்கும் என்பதால் அதற்காக மட்டும் வெளியே போவதில் அர்த்தமில்லை.

செயின்ட் ராபர்ட்டும் வேன்ஸ்வில்லும்

பெரும்பாலானவர்களுக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டும் ஐயாயிரத்தை ஒட்டிய மக்கள்தொகை, இரண்டும் ஒரே பள்ளி மாவட்டம். வேன்ஸ்வில் ஆர்-6 என்ற அந்த மாவட்டம்தான் முகாமுக்குள் இருக்கும் பள்ளிகளையும் நடத்துகிறது. அதனால் முகாமுக்குள் ஒரு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தாலும் குழந்தை அதே மாவட்டத்தில்தான் படிக்கும். ராணுவப் பிள்ளைகள் நிறைய இருக்கும் இடம். நடு வருடத்தில் வந்து சேருவதும் கிளம்பிப் போவதும் ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. மிசூரியில் கிண்டர்கார்டன் சேர ஆகஸ்ட் 1க்கு முன் 5 வயது நிறைந்திருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் ஏற்கெனவே கிண்டர்கார்டன் தொடங்கிவிட்ட ராணுவக் குழந்தைக்கு வயது குறைந்தாலும் இங்கே தொடர உரிமை உண்டு. ராணுவப் பிள்ளைகளின் படிப்புக்காக மாநிலங்களுக்கு இடையே உள்ள ஒப்பந்தம் (எம்.ஐ.சி.3) அதைக் காக்கிறது. பள்ளி அலுவலகம் தயங்கினால் அந்த ஒப்பந்தத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

செயின்ட் ராபர்ட் கேட்டுக்கு முன்னால் வளர்ந்த கடைத்தெரு. சீருடை தைக்கும் கடை, முடிதிருத்தும் கடை, அடகுக்கடை, கொரிய உணவகங்கள், ஹோட்டல்கள். அடிப்படைப் பயிற்சி முடிந்து பட்டமளிக்கும் நாட்களில் நாடு முழுவதிலிருந்தும் பெற்றோர் வந்து குவிவார்கள். அன்று மிசூரி அவென்யூவில் வண்டி நகராது. டிசம்பரில் பயிற்சியாளர்கள் மொத்தமாக விடுமுறையில் போனதும் தெரு வெறிச்சோடும். இங்கே கிடைப்பவை அதிகமும் அடுக்கு வீடுகள், டூப்ளெக்ஸ்கள் (ஒட்டிக் கட்டிய இரட்டை வீடுகள்). தனி ஆளுக்கும் பிள்ளையில்லாத இணைக்கும் வசதி.

வேன்ஸ்வில், புலாஸ்கி கவுண்டி என்ற வட்டார நிர்வாகப் பிரிவின் தலைநகர். நீதிமன்றம், பழைய ரூட் 66 நெடுஞ்சாலை, ரூபிடூ ஊற்று, பள்ளிகள். தெருவில் நடக்கலாம், மரநிழல் உண்டு. நாலைந்து மைல் கூடுதல் ஓட்டம்தான். குடும்பமாக வருகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். ஆனால் ஒரு நிபந்தனை: ரூபிடூ ஓடையின் வெள்ளப் படுகையில் வீடு எடுக்காதீர்கள். 2013 ஆகஸ்டில் ஒரே இரவுக் கனமழையில் வெள்ளம் ஊருக்குள் புகுந்து உயிர்ப்பலியும் வாங்கியது. வீட்டின் முகவரியை ஃபீமாவின் (அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வெள்ள வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். இலவசம், இரண்டு நிமிட வேலை. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குத் தராது. அரசின் வெள்ளக் காப்பீடு எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். வானிலை எச்சரிக்கை வந்த பிறகு ஓடிப் பயனில்லை. வாடகைக்கு இருப்பவரும் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

காலையைப் பற்றி ஒரு வார்த்தை. உடற்பயிற்சி 6:30க்கு என்றால் எல்லோரும் 5:45 முதல் 6:15க்குள் ஒரே கேட்டில் நுழைகிறார்கள். பிரதான கேட் நாள் முழுக்கத் திறந்திருக்கும். மற்றக் கேட்டுகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, அந்த நேரமும் அவ்வப்போது மாறும். வீடு பார்க்க வரும்போது ஞாயிறு மதியம் ஓட்டிப் பார்த்து ‘பத்து நிமிடம்’ என்று எழுதிக்கொள்வது வழக்கமான தவறு. வேலைநாளில், காலை 5:50க்கு ஓட்டிப் பாருங்கள்.

ஐந்து ஏக்கர் ஆசை

அதே வாடகைக்கு, அல்லது அதே மாதத் தவணைக்கு, ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கரும் தனி வீடும் கிடைக்கும். நாய் ஓட இடம், பின்னால் காடு, மான். ஆசை வராமல் இருக்காது. நகர எல்லையைத் தாண்டியதும் குழாய்த் தண்ணீர், சாக்கடை, குழாய் எரிவாயு மூன்றும் பெரும்பாலும் நின்றுவிடும். அந்த மூன்றையும் இனி நீங்களே நடத்த வேண்டும்.

தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும். ஓசார்க்கின் அடிநிலம் வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புப் பாறை. மழைநீர் மண்ணில் வடிகட்டாமல் வெடிப்பு வழியாக நேரே இறங்கிவிடும். ஆகஸ்ட் வறட்சியில் எடுத்த தண்ணீர்ச் சோதனை சுத்தமாக வரும். ஏப்ரல் மழைக்குப் பின் அதே கிணற்றில் கோலிஃபார்ம் பாக்டீரியா வரலாம். சோதனையைப் பெருமழைக்குப் பிறகு செய்யச் சொல்லுங்கள். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் குறைந்தது 50 அடி, கழிவுநீர் பரவும் வயலுக்கு 100 அடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது பொது அளவு. டேப் வைத்து அளந்தே பாருங்கள். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். மென்னீராக்கி இல்லாத வீட்டில் வாட்டர் ஹீட்டரின் அடியில் சுண்ணாம்பு கட்டியிருக்கும், சூடாகும்போது கடகடவென்று சத்தம் கேட்கும்.

அடுத்தது கழிவு. இங்கே மண் என்பது சிவப்புக் களியும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்தது, நீரை உறிஞ்சாது. அதனால் பல வீடுகளில் செப்டிக் வயலுக்குப் பதிலாக லகூன் இருக்கும்: வேலி போட்ட ஒரு குட்டை, வீட்டுக் கழிவுநீர் முழுவதும் அதில்தான் போய் நிற்கும். வாத்துக்குளம் என்று நினைத்துவிடாதீர்கள். வெயிலும் காற்றும் பட்டால்தான் அது வேலை செய்யும். சுற்றி மரம் வளர்ந்து நிழல் விழுந்தாலோ, மேலே பாசி மூடினாலோ நாறும். இரண்டே பேர் உள்ள வீட்டில் வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கி அடிச்சேறு தெரியும், அப்போதும் நாறும். வேலி அறுந்து கிடந்தால் சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு ஆபத்து.

செப்டிக் டேங்க் உள்ள வீடு என்றால் கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தார்கள் என்ற ரசீதைக் கேளுங்கள். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்திருக்க வேண்டும். கழிவறையில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதைச் சோதனை என்று ஏற்காதீர்கள், மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். வறண்ட புல்வெளியில் ஒரு பட்டை மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தால் அங்கே குழாய் அடைத்துக் கழிவு மேலேறுகிறது. மிசூரிச் சட்டத்தில் ஒரு ஓட்டையும் உண்டு. மூன்று ஏக்கரோ மேலோ உள்ள தனி வீட்டுக்கு மாநில அனுமதி இல்லாமலே கழிவு அமைப்பு போட்டுக்கொள்ளலாம். ஆக, நீங்கள் ஆசைப்படும் அந்த ஐந்து ஏக்கர் வீட்டின் செப்டிக்கை இதுவரை எந்த அதிகாரியும் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

வெப்பத்துக்குப் புரோபேன். 500 கேலன் தொட்டி என்றால் 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், 400 கேலன். ஒரு கேலன் 91,500 பி.டி.யு. வெப்பம் தரும். மணிக்கு 60,000 பி.டி.யு. எரிக்கும் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி) கடுங்குளிரில் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 7,20,000 பி.டி.யு., ஏறக்குறைய 8 கேலன். அப்படியே குளிர் நீடித்தால் தொட்டி 50 நாளில் காலி. தொட்டி வாடகைத் தொட்டியா சொந்தமா என்று பாருங்கள். வாடகைத் தொட்டியில் அந்த நிறுவனம் மட்டுமே நிரப்பும், ஜனவரியில் அவர்கள் சொன்னதுதான் விலை. கோடையிலேயே முன்பணம் கட்டி விலையைப் பூட்டிவைப்பது இந்த ஊர்க்காரர்கள் வழக்கம்.

மின்சாரம் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வருகிறது, சேவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கே பனியைவிட உறைமழைதான் கெட்டது. கிளை முறிந்து கம்பி அறும். கரண்ட் போனால் கிணற்றுப் பம்பும் நிற்கும், கழிவறைக்குக்கூடத் தண்ணீர் இருக்காது. ஆழ்கிணற்றுப் பம்பு பெரும்பாலும் 240 வோல்ட். கடையில் விற்கும் 2,000 வாட், 120 வோல்ட் கைப்பெட்டி ஜெனரேட்டர் வாங்கி வைத்தால் விளக்கு எரியும், பம்பு அசையாது. 240 வோல்ட் தரும் பெரிய ஜெனரேட்டரும், எலக்ட்ரீஷியன் பொருத்திய மாற்று சுவிட்சும் வேண்டும்.

சாலைகளுக்கு எண்ணுக்குப் பதில் எழுத்துதான் பெயர்: ஜே, எச், ஏ.டபிள்யூ என்று. இரட்டை வழி, ஓரம் கிடையாது, வளைவுக்கு அப்பால் மான் நிற்கும். நவம்பரில் விடியலிலும் அந்தியிலும் மெதுவாக ஓட்டுங்கள், காரின் விரிவான காப்பீட்டை நீக்கிவிடாதீர்கள், மான் மோதலுக்கு அதுதான் கைகொடுக்கும். பல உட்சாலைகள் தரைப்பாலத்தில் ஓடையைக் கடக்கும். மழை பெய்தால் அந்த வழி அடைபடும். வீட்டிலிருந்து தரைப்பாலம் இல்லாத மாற்றுவழி ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். 2017 மே தொடக்கத்தில் கேஸ்கொனேட் ஆறு பெருகியபோது ஐ-44ஐயே மூட நேர்ந்தது.

கடைசியாக உண்ணி. முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளி உள்ள லோன் ஸ்டார் உண்ணி இந்தக் காடுகளில் ஏராளம். அது கடித்த சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஒவ்வாமல் போகிறது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து நடுராத்திரியில் உடம்பெல்லாம் தடிப்பு வரும். காலணிக்கும் கால்சட்டைக்கும் பெர்மெத்ரின் பூச்சிமருந்து தெளியுங்கள், புல்லைக் குட்டையாக வையுங்கள். பிரிக்காத அட்டைப்பெட்டிகளைக் கராஜில் அடுக்கிவைக்காதீர்கள். பழுப்பு நிற ரெக்லூஸ் சிலந்திக்கு அவைதான் வீடு.

பள்ளி பற்றி ஒன்று. டிக்சன், குரோக்கர், ரிச்லண்ட், லேக்வே, பிளேட்டோ ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறு மாவட்டம். வகுப்பில் ஆள் குறைவு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மிசூரியின் சிறு மாவட்டங்களில் கணிசமானவை வாரத்துக்கு 4 நாள்தான் நடத்துகின்றன. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஐந்தாவது நாள் குழந்தையை யார் பார்ப்பது? வீடு பார்க்கும் முன் அந்த மாவட்டத்தின் நாள்காட்டியைப் பாருங்கள்.

ரோலா, லெபனன்

வாழ்க்கைத் துணைக்கு வேலை வேண்டும் என்றால் ரோலா. சுமார் 20,000 பேர் வாழும் ஊர். மிசூரி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஃபெல்ப்ஸ் ஹெல்த் மருத்துவமனை இரண்டும் வேலை தரும் பெரிய இடங்கள். பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் நிறையப் பேர் உண்டு. நம் முகங்களைப் பார்க்க ஆசை என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அது இங்கேதான். விலை: நாளுக்குப் போக வர 60 மைல் என்று வைத்தால் மாதம் 21 வேலைநாளுக்கு 1,260 மைல். வேன்ஸ்வில்லிலிருந்து 300கூட ஆகாது. அதாவது மாதம் ஏறத்தாழ ஆயிரம் மைல் கூடுதல். ட்ரைகேர் பிரைம் (ராணுவக் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீடு) உள்ளவர்கள் முகாம் மருத்துவமனையில் மருத்துவரை வைத்துக்கொள்ள விரும்பினால், 30 நிமிட ஓட்ட எல்லையைத் தாண்டுவதால் அந்த எல்லை வேண்டாம் என்று ஒப்புக்கொள்ளும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

லெபனன் இன்னும் தூரம். துணைக்கு அங்கே அலுமினியப் படகு கட்டும் ஆலைகளில் வேலை கிடைத்தால் தவிர முகாமில் பணிபுரிபவர் அங்கே போவதற்குக் காரணம் தெரியவில்லை.

வாங்குவதா, வாடகையா

2,50,000 டாலர் வீடு, முன்பணம் இல்லாத வி.ஏ. கடன் (படையினருக்கு அரசு உத்தரவாதம் தரும் வீட்டுக்கடன்), 30 வருடம், 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல்முறை எடுப்பவருக்கு 2.15 சதவீத நிதிக்கட்டணம் 5,375 டாலர். கடனில் சேர்த்தால் 2,55,375. அசலும் வட்டியும் மாதம் 1,614. மூன்று வருடத்தில் அசலில் கழிவது 9,000 டாலரை ஒட்டித்தான், பாக்கி 2,46,000க்குச் சற்று மேல். விற்கும்போது தரகுக்கு 6 சதவீதம் போனால், 2,62,000க்கு விற்றால்தான் கைக்காசு போடாமல் வெளியேற முடியும். இடையில் ஏசி, கூரை எதுவும் கெடாமல் இருந்தால் இந்தக் கணக்கு. மேலும் இங்கே விற்பவரும் ராணுவம், வாங்குபவரும் ராணுவம். கோடையில் எல்லோர் வீட்டு முற்றத்திலும் ஒரே நேரத்தில் பலகை நிற்கும். அதில் கிணறு-லகூன் வீடு கடைசியாகத்தான் விலைபோகும். மூன்று வருடத்துக்கு வருகிறவர் ஊருக்குள் வாடகைக்கு இருப்பதே நல்லது. ஓய்வுபெற்று இங்கேயே தங்க முடிவு செய்தவர் தாராளமாக அந்த ஐந்து ஏக்கரை வாங்கலாம், மேலே சொன்ன சோதனைகளோடு.

வாடகை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. மாற்றல் உத்தரவோ, 90 நாளுக்குக் குறையாத போர்ப்பணி உத்தரவோ வந்தால் எஸ்.சி.ஆர்.ஏ. என்ற படையினர் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்பந்தத்தை முறிக்கலாம். எழுத்தில் நோட்டீஸ், கூடவே உத்தரவின் நகல். நோட்டீஸுக்குப் பின் வரும் அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாள். ஜூன் 10 கொடுத்தால், வாடகைத் தேதி ஜூலை 1 என்றால், ஜூலை 31 அன்று முடியும். வாயால் சொல்லிவிட்டு வந்தால் கணக்கில் வராது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் தனித்தாள் ஏதாவது கட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். முகாமுக்குள் வீடு கிடைத்து மாறுவது இந்தச் சட்டத்தில் வராது. அதற்கு ஒப்பந்தத்திலேயே ‘ராணுவ ஷரத்து’ எழுதி வாங்கிவிடுவது நல்லது. இரண்டாவது, அட்வான்ஸ். மிசூரியில் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, காலி செய்து 30 நாளுக்குள் பிடித்தம் விவரத்தோடு திருப்பித் தர வேண்டும்.

எந்த ஊரில் இருந்தாலும் கார் மேல் வரி ஒன்று காத்திருக்கும். ஜனவரி 1 அன்று உங்கள் பெயரில் இருக்கும் வண்டிக்கு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கின் மேல் கவுண்டி வரி போடும், டிசம்பர் 31க்குள் கட்ட வேண்டும். அந்த ரசீது இல்லாமல் நம்பர் பிளேட் புதுப்பிக்க முடியாது. வேறு மாநிலத்தைச் சொந்த மாநிலமாக வைத்திருக்கும் படையினருக்கு இந்த வரி கிடையாது. சம்பளச் சீட்டைக் காட்டி வரிவிலக்குத் தாள் வாங்கிக்கொள்ளலாம். புலாஸ்கி கவுண்டியில் இருப்பவர்கள் அதை வேன்ஸ்வில்லிலேயே வாங்கிவிடலாம், ரோலா என்றால் ஃபெல்ப்ஸ் கவுண்டி அலுவலகம். டிசம்பர் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள், வரிசை வாசல் தாண்டி இருக்கும்.